வெள்ளிக்கிழமைக்கு ஆகும் தானியம்

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை விரதம் என்பது அரிசிக்கு விடுகிற லீவு. சோறு கூடாது, இட்லி கூடாது, இடியாப்பம் கூடாது. கோதுமை தோசை ஆகும், சம்பா ரவை உப்புமா ஆகும், சப்பாத்தி ஆகும். வயிறு முட்டத் தின்றாலும் ஆகும். பத்ரகாளியம்மன் கோவிலில் நெய்விளக்கு போட்டுவிட்டு வந்து, நாலு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டு, ‘இன்னைக்கு விரதம்’ என்று ஏப்பத்தோடு சொல்கிறவர்களைச் சிவகாசியில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். யாரும் சிரிப்பதில்லை. சட்டம் அப்படி.

இந்த ஆடியில் அந்தச் சட்டத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு சோதனை வந்தது. பேத்தி ஏதோ ஒரு கடையில் வாஃபிள் தின்று ருசி கண்டுவிட்டாள். ஒரு துண்டுக்கு அவர்கள் வாங்குகிற காசைப் பார்த்துவிட்டு மருமகள் ஆன்லைனில் மிஷினையே வாங்கிவிட்டாள். அச்சகம் ஒன்றில் கணக்கு பார்க்கிறவள் அவள். எதையும் வரவு செலவு பார்க்காமல் விடமாட்டாள். “மைதா கிடையாது அத்தை, முழுக் கோதுமை. முட்டையும் கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு ஆகும்தானே?” என்றாள்.

சட்டப்படி ஆகும். மறுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ‘ஆகும்’ என்று வாய் வரவில்லை.

அது எப்படிப்பட்ட பண்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பா கோதுமையைப் புடைத்து, வெயிலில் ஒரு பகல் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்தோம். மில்லில் நமக்கு முந்தி ஓடியது மல்லியா மஞ்சளா என்று பார்த்துத்தான் போடவேண்டும். வத்தல், மல்லிக்குப் பேர்போன மாவட்டத்தில் இனிப்புப் பலகாரம் செய்வதில் அது ஒரு தொல்லை. ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றேகால் டம்ளர் புளித்த மோர், இரண்டு கரண்டி கடலை எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. முழுக் கோதுமையில் தவிடு இருப்பதால் அது ஈரத்தைக் குடிக்க நேரம் எடுக்கும், இருபது நிமிஷமாவது மூடி வைக்கவேண்டும். ஆப்பச்சோடா அரை ஸ்பூன் கடைசியில்தான். மோரின் புளிப்பில் பட்டவுடனே அது நுரைக்க ஆரம்பித்துவிடும், அந்த நுரை அடங்குவதற்குள் மிஷினில் ஊற்றிவிட வேண்டும். கலக்கக் கலக்க மாவு இழுவை கொடுத்துச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும் என்பதால், கட்டி தட்டினாலும் தட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். மூடியதும் ஓரங்களில் ஆவி கிளம்பும். ஆவி அடங்குகிற வரை மூடியைத் தொடக்கூடாது. அவசரப்பட்டால் பாதி மேல்தட்டோடும் பாதி கீழ்த்தட்டோடும் பிய்ந்து நிற்கும். எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியர்த்துத் துவண்டுவிடும். கம்பித் தட்டில் தனித்தனியாக வைத்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். மேலே கருப்பட்டிப் பாகு. கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்து ஊற்றினால் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்னதாகத் தேங்கி நிற்கும்.

நாக்குக்கு அது விரதம் இல்லை, தீபாவளி.

பேத்திக்கு இது புதுசு. எனக்கு அவ்வளவு புதுசாகப் படவில்லை. அச்சு முறுக்கு சுடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்குச் சூடான இரும்பு மாவுக்கு உருவம் கொடுப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மிஷினின் மூதாதை எங்கே இருந்தது தெரியுமா? கோவிலில். ஐரோப்பாவில் மத்திய காலத்தில் நற்கருணை அப்பம் சுடுவதற்கு நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகள் இருந்தன. உள்பக்கம் சிலுவையும் திருவுருவங்களும் செதுக்கியிருப்பார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து நடுவில் ஊற்றி, நெருப்பில் காட்டி எடுப்பார்கள். அந்தத் தட்டில் கொஞ்சம் இனிப்பும் கொழுப்பும் சேர்த்துச் சுட்டதைத் திருவிழா நாளில் கோவில் வாசலில் விற்றார்கள். பின்னால் கட்டம் போட்ட தட்டு வந்து அது வாஃபிள் ஆனது. சுவீடனில் மார்ச் 25, மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள், இன்றைக்கும் வாஃபிள் நாள்தான். பெரும்பாலான வருஷங்களில் அந்தத் தேதி தவக்காலத்துக்குள்தான் விழும். ஆக, விரத காலத்தில் வாஃபிள் தின்ன யோசித்த முதல் ஆள் என் மருமகள் இல்லை.

கத்தோலிக்கச் சபை அந்த அப்பத்தைக் கோதுமையைத் தவிர வேறு எதிலும் செய்ய ஒப்புவதில்லை. அரிசி ஆகாது, சோளம் ஆகாது. கோதுமை மாவுக்கு இழுவை தருகிற குளூட்டனை முழுக்க நீக்கிய அப்பமும் செல்லாது என்று 2017இல் வத்திக்கான் மறுபடியும் எழுதியது. கோதுமை விளையாத எங்கள் கரிசல் காட்டு ஊர்க் கோவிலிலும் பீடத்தில் கோதுமை அப்பம்தான். அவர்களுக்குக் கோதுமை இல்லாவிட்டால் சாமியே இறங்காது. எங்கள் வீட்டிலோ கோதுமை சாமிக்குச் சம்பந்தமே இல்லாத தானியம். பொங்கலிலும் வராது, படையலிலும் வராது, வாய்க்கரிசியிலும் வராது. அதனால்தான் விரதத்துக்கு ஆகிறது. ஒரே தானியம் ஒரு கோவிலில் தெய்வமாகிறது, இன்னொரு வீட்டில் சாப்பாடு என்கிற கணக்கிலேயே வராமல் தப்பிக்கிறது.

வடக்கே போனால் இந்தத் தப்பிப்பும் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் தீபாவளிக்குச் சரக்கு எடுக்க வந்த வடநாட்டு வியாபாரி ஒருவருக்கு என் வீட்டுக்காரர் வீட்டில் சாப்பாடு சொல்லியிருந்தார். நவராத்திரி சமயம். விரதம் இருக்கிற மனிதர், அரிசியா போடுவது என்று நான் சப்பாத்தி சுட்டு வைத்திருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, வாழைப்பழமும் பாலும் மட்டும் சாப்பிட்டுப் போனார். நவராத்திரியில் அவர்களுக்குக் கோதுமையே ஆகாதாம். குட்டு என்று ஒரு விதை மாவு, ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, இவைதான் ஆகும். தினமும் சப்பாத்தி தின்கிறவருக்கு அதுதானே நியாயம்? எது அன்றாடமோ அதை விடுவது. அப்படிப் பார்த்தால் விடுவதற்குத் தானியம் ஒரு சாக்கு. இதற்கு எங்கள் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் கோதுமையில் வந்த மைதாதான். அதை யாராவது வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஆகும் என்று சொல்வார்களா? தானியம் பொருந்தினாலும் அது கொண்டாட்டப் பண்டம் என்று நமக்கே தெரியும். வாஃபிளுக்கு ‘ஆகும்’ என்று வாய் வராததற்கு இதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். நாக்கை அடக்காத விரதம் என்ன விரதம் என்று.

ஆனால் நான் வளர்ந்த கதை அந்த முடிவில் நிற்க விடவில்லை. எனக்குக் கோதுமை முதலில் சாப்பாடாக அறிமுகமாகவில்லை, பசையாகத்தான் அறிமுகமானது. அம்மா வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டுவாள். மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாளைச் சுற்றி, விரலால் பசை தடவி ஒட்டவேண்டும். குரோஸ் கணக்கில் கூலி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து இங்கே தீப்பெட்டி போட ஆரம்பித்த பிறகு, மைதாப் பசை காயாத வீடு ஏது? சட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க எழும் அந்த மாவு வாசனைக்கு எனக்கும் தம்பிக்கும் நாக்கு ஊறும். விரலை வாயில் வைத்தால் அடி விழும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருக்கும். (அப்பம் செல்லுமா செல்லாதா என்று வத்திக்கான் பார்க்கிற குளூட்டனுக்கும் அந்த ஒட்டலில் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.)

அப்புறம் பள்ளிக்கூடத்தில் உப்புமா. 1956இல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவுக்கு, 1961லிருந்து கேர் என்கிற அமெரிக்க நிறுவனம் சாமான் தந்தது. கைகுலுக்கும் படம் போட்ட மூட்டைகளில் உடைத்த கோதுமையும் பால் பவுடரும் வரும். அந்த உப்புமாவின் எண்ணெய் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்போது கோதுமை என்றால் இல்லாதவர்கள் தானியம். ரேஷனில் அரிசி இல்லை என்றால் கோதுமை தருவார்கள்; அம்மா முகம் சுருங்கும். வெள்ளிக்கிழமை அவள் ஒருபொழுது இருப்பாள், ராத்திரிக்கு அந்த ரேஷன் கோதுமையில் ஒரு தோசை. அது சட்டமா, இல்லாமையா? இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. தினமும் அரைவயிறு உண்கிறவளிடம் போய் நாக்கை அடக்கு என்று எந்தச் சாமியும் கேட்காது. அவளுக்குத் தானியத்தை மாற்றுவது ஒன்றுதான் கைக்கு எட்டிய விரதம். இன்றைக்கு உட்கார்ந்து அதைச் சடங்கு என்று பழிக்க எனக்கு மனம் வராது.

1965இல் யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி நாட்டையே கேட்டார். திங்கட்கிழமை ராத்திரி. சிவனுக்கு உகந்த சோமவாரம் அரசாங்கத்துக்கும் உகந்ததாகிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். ஆனாலும் இருந்தார். அந்த விரதத்தில் எனக்கு ஒன்று பிடித்திருந்தது, அந்த வயதில் சொல்லத் தெரியவில்லை: நாம் தின்னாதது எங்கோ ஒருவருக்குப் போகிறது என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். புண்ணியம் என்று மூடி மறைக்கவில்லை. அரிசிப் பஞ்சம் மட்டும் தீரவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்றவர்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட காமராசர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். கோதுமை உப்புமாவைப் பொறுத்துக்கொண்ட சனம் அரிசியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்றுதான் எனக்குப் படும்.

இனி நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அமைப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் மஞ்சள் உடுப்பில் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். முட்டை போடுகிற ஒரு நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “அம்மா தீச்சட்டி எடுக்காங்க டீச்சர். எங்க வீட்டுல கவுச்சி கூடாது” என்றாள். சரி, வேண்டாம் என்று நகர்ந்தேன். “அய்யோ, எனக்கு வைங்க டீச்சர்” என்று தட்டை நீட்டினாள். வைத்தேன். விரல் படாமல் தட்டைச் சாய்த்து, பக்கத்தில் இருந்த பையன் தட்டுக்குள் முட்டையை உருட்டிவிட்டாள். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, இரண்டையும் தின்றான். வாங்காமல் இருந்திருந்தால் முட்டை பானைக்குப் போயிருக்கும், பதிவேட்டில் இருப்பு என்று எழுதியிருப்பேன். அவள் அதைத் தன் பங்காக வாங்கி, பிறகு கொடுத்தாள். எனக்குத் தெரிந்து விரதத்தை அவ்வளவு சுத்தமாக இருந்தவர்கள் குறைவு. என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது, இரண்டு முட்டை செலவு என்று எழுதினேன்.

எங்கள் தெருவிலேயே இதற்கு நேர்மாறான ஆள் ஒருவர் இருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி முழுக்க விரதம் என்பார், ஆனால் விடியுமுன்னே நீராகாரமும் சின்ன வெங்காயமும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடிக்கவேண்டும். நீராகாரம் அரிசிச் சோற்றுத் தண்ணீர்தானே, விரதம் போச்சே என்று நான் சீண்டியபோது சொன்னார்: “வெறும் வயித்துல கை நடுங்குச்சுன்னா சாமியா வந்து பிடிக்கும் டீச்சரம்மா? எனக்கு ஒண்ணு ஆனா ஆகட்டும். பக்கத்துல ஆளுக இருக்காங்கள்ல.” ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று பட்டாசு ஆலைக்கு விதி உண்டு. அந்த விதியை அவர் விரதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். தன் பசியால் அடுத்தவன் உயிருக்குக் கேடு வரும் என்றால் அது விரதமே ஆகாது என்பது அவர் கட்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றும் சாப்பிடமாட்டார்.

இந்த இரண்டு பேரும் வள்ளுவரைப் படித்துவிட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனால் ஈகை அதிகாரத்தில் அவர் சொல்வது இதைத்தான்: பசியைப் பொறுத்துத் தவம் செய்கிறவர் பெரியவர்தான், ஆனாலும் அடுத்தவர் பசியை மாற்றுகிறவருக்கு அடுத்த படியில்தான் நிற்கிறார். விரதத்தைப் பற்றி இதைவிடக் கறாரான தரவரிசை நான் கேட்டதில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. பசி தீர்ப்பதே முதல் வழிபாடு என்றவர் அவர். நோன்பு வைக்க முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் இஸ்லாத்தில் ஒரு வழி இருக்கிறது: விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு. இந்த ஈடு எனக்கு ரொம்பப் பிடித்தது. என் ஒரு நாள் பசியும் இன்னொருவரின் ஒரு வேளைச் சோறும் ஒரே எடை என்று தராசில் வைத்துக் காட்டுகிறது.

விருதுநகரில் என் பாட்டி வீட்டில் அந்தத் தராசு அடுப்பங்கரையிலேயே இருந்தது. உலை கொதித்து அரிசியைக் களைந்து போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாளாம் பாட்டியின் அம்மா. ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி. அந்தப் பிடியரிசியைத் திரட்டித்தான் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராசர் படித்தது அங்கேதான், ஆறாம் வகுப்போடு நின்றதும் அங்கேதான். ஊரார் பிடியரிசியில் படித்தவர், பின்னால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சோறு போட்டதில் எனக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கலயத்துக்குள் அரிசி விழுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. அந்தப் பிடிக்கு யாரும் விரதம் என்று பேர் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று பார்க்கவில்லை. பானையில் சோறு ஒரு பிடி குறைந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் யோசித்தபோதுதான் மருமகளிடம் ‘ஆகும்’ என்று ஏன் சொல்ல முடியவில்லை என்பது புரிந்தது. வாஃபிள் ருசியாக இருப்பது பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அரிசி மிச்சமாகிறது, கோதுமை செலவாகிறது, வீட்டுப்படி தாண்டி எதுவும் போவதில்லை. டப்பாவுக்கு டப்பா கை மாறுகிறது. சாமி அதில் எங்கே வருகிறது?

“அப்ப பிடியரிசி கொடுப்போமா?” என்றாள் மருமகள். அங்கேதான் சிக்கல். ரேஷனில் 2011லிருந்து அரிசி இலவசம். எங்கள் தெருவில் பிடி அரிசியை நீட்டினால், கோழிக்கா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு இருக்கிறது, 2022லிருந்து காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. அதிலும் கோதுமை ரவை உப்புமா உண்டு. வயிற்றுப் பசி இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது என் பாட்டன் காலத்து முகத்தோடு இல்லை. பட்டாசு ஆலை பூட்டிக் கிடக்கிற மாசங்களில் அது சீட்டுப் பணமாக வருகிறது, கடன் தவணையாக வருகிறது, விபத்தில் கை கருகியவர் வீட்டில் மருந்துச் செலவாக வருகிறது. அதற்கு எத்தனை பிடி?

மருமகள் கணக்குக்காரி. ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் எங்கள் நாலு பேருக்கு என்ன செலவாகும் என்று போட்டு, அந்தத் தொகையைத் தனி டப்பாவில் வைக்க ஆரம்பித்தாள். வாஃபிளுக்கு ஆன செலவை அதில் கழிக்கக்கூடாது என்று நான் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டாள். கருப்பட்டிப் பாகு வேண்டாம், வெறும் வாஃபிளாகச் சாப்பிடுவோம் என்றும் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ளவில்லை. “பாகு ஊத்தாம நீங்க சாப்பிட்டா யாருக்கு அத்தை லாபம்? டப்பாவுல காசு கூடுமா?” என்றாள். கூடாது. என் வாதத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். ஆனாலும் எனக்குப் பாகோடு இறங்கவில்லை. அம்மாவின் வெறும் கோதுமை தோசை தொண்டையில் நிற்கிறது. நாக்கை அடக்குவதில் யாருக்கும் லாபம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், எதையோ விட்டோம் என்று உடம்புக்குத் தெரியாமல் மனசுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இதற்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் முழுப் பதில் இல்லை.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பாகில்லாமலும் அவளும் பேத்தியும் பாகோடும் சாப்பிடுகிறோம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்காகச் சாத்தூர் ரோட்டில் எங்கள் தெருக்காரர்கள் மோர்ப் பந்தல் போடுகிறார்கள். மோர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சேர்ந்துவிட்டது, காலில் கொப்புளம் போட்டு வருகிறவர்களுக்குக் களிம்பும் பஞ்சும்தான் பற்றாக்குறை என்றார்கள். டப்பாக் காசு அதற்குப் போகிறது.